எலெக்ட்ரான் ஏன் திரும்பி விழுவதில்லை?

கேள்வி: ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் ஒளி பட்டுக் கிளம்பும் எலெக்ட்ரான், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி விழுந்துவிடாதா?

பதில்: விழலாம், ஆற்றல் கணக்கும் அதற்கே சாதகம். தடுப்பது வேகம்தான். டைசன்ஹோஃபர், ஹூபர், மிக்கேல் மூவருக்கும் 1988இல் நோபல் வாங்கித் தந்த ஊதா பாக்டீரியாவின் வினைமையம் என்ற புரதத்தையே பாருங்கள். இணைந்து நிற்கும் இரண்டு பாக்டீரியோகுளோரோஃபில்களை விட்டுக் கிளம்பும் எலெக்ட்ரான், சுமார் 3 பிக்கோ நொடியில் பாக்டீரியோஃபியோஃபைட்டின் என்ற மூலக்கூறை அடைகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 200 பிக்கோ நொடியில் குயினோன் என்ற அடுத்த மூலக்கூறுக்குத் தாவிவிடுகிறது. குயினோனை நீக்கிவிட்டு அளந்தால், எலெக்ட்ரான் திரும்பி விழ 10 நானோ நொடிக்கும் மேலாகிறது. ஐம்பது மடங்கு தாமதம்! வெப்பம்தானே முன்னே தள்ளுகிறது என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் கடுங்குளிரில் ஓட்டம் தளர வேண்டும். முதல் தாவலோ குளிரில் இன்னும் விரைவாகிறது. புரதம் மூலக்கூறுகளை உரிய இடைவெளியில் இறுகப் பிடித்திருப்பதால் நிகழும் குவாண்டம் ஊடுருவல் இது. முன்தாவல் இப்படித் திரும்பி விழுவதை முந்திக்கொள்வதால்தான் வினைமையம் ஏற்கும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் கிட்டத்தட்ட ஓர் எலெக்ட்ரான் குயினோனைச் சேர்ந்துவிடுகிறது.