அவசரம் என்று போன் கேட்டால்…

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர் அவசரமென்று போன் கேட்டால் கொடுக்கலாமா? மறுக்க மனசு வரவில்லை.

பதில்: உதவுங்கள், போனை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். நம்பரைக் கேட்டு நீங்களே போட்டு, ஸ்பீக்கரில் பேச வையுங்கள். உண்மையிலேயே தவிப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாக் திறந்த போன் அரை நிமிடம் கை மாறினாலே போதும், மோசடிக்காரர் கால் ஃபார்வர்டிங்கில் தன் நம்பரைப் போட்டுவிடலாம். பிறகு உங்களுக்கு வரும் அழைப்புகள் அங்கே போகும், குரலில் வரும் ஓடிபி உட்பட. அதை வைத்து உங்கள் வாட்ஸ்அப்பையே அவர் தன் போனில் திறந்து, உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்பார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ##002# டயல் செய்யுங்கள். ஃபார்வர்டிங் எல்லாம் ரத்தாகும். பணம் போயிருந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், நின்ற இடத்திலிருந்தே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு.