தயிர்போல் உறையும் சோயா டோஃபு

சோயா மொச்சை என்றால் திண்டுக்கல் வட்டார விவசாயிகளுக்குக் கோழித் தீவனத்தில் சேரும் புண்ணாக்கே நினைவுக்கு வரும். முட்டை, இறைச்சி அடிக்கடி வாங்க இயலாத குடும்பங்களுக்கும் இது ஏற்ற உணவு. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. சோயாவிலோ சுமார் 40 கிராம். ஆனால் சோயா சரியாக வேகாவிட்டால் செரிக்காது. பச்சை வாடையும் வீசும். அதைப் பாலாக்கி உறையவைப்பது சீன நாட்டு முறை. உறைந்ததைப் பிழிந்து அழுத்தினால் சோயா பனீர். பிழியாமல் விட்டால் தயிர்போன்ற மென் டோஃபு.

செய்முறை: கால் கிலோ சோயாவை 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீர் சேர்த்து நைசாக அரைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். கொதிக்கும் முன்பே நுரை பொங்கும். வெந்துவிட்டதாக எண்ணி இறக்கிவிடக் கூடாது. தீயைக் குறைத்து மேலும் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு 4 கிராம் கால்சியம் சல்பேட்டைச் சிறிது நீரில் கரைத்துப் பாத்திரத்தில் விட்டு, சூடான பாலை அதன்மேல் ஒரே மூச்சில் ஊற்றி மூட வேண்டும். அரை மணி நேரம் அசைக்கக் கூடாது.

கவனிக்க: நிலக்கடலைக்கு இடும் ஜிப்சமும் கால்சியம் சல்பேட்தான். ஆயினும் வயலுக்கான மூட்டையை அடுப்படிக்குக் கொண்டுவருதல் கூடாது. உணவுத் தரம் என்று அச்சிட்ட பொட்டலத்தையே வாங்க வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரிந்து பிரியும், தயிர்போல் உறையாது.

சத்து: மென் டோஃபுவில் பெரும்பகுதி தண்ணீரே. 100 கிராமில் சுமார் 5 கிராம் புரதம்தான் இருக்கும். எனவே ஆளுக்கு 200 கிராம் அளவு ஒரு கிண்ணம் வேண்டும். கால்சியம் சல்பேட்டால் உறைவதால் சுண்ணாம்புச் சத்தும் கூடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சோயாப் பாலைக் கொடுக்கக் கூடாது. சோயா ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

உண்ணும் விதம்: இது பனீர்போல் வறுக்க வராது, உடைந்துவிடும். புளிக்குழம்பு, கீரைக் கூட்டு இவற்றை இறக்கும் தறுவாயில் கரண்டியால் வெட்டிப் போடலாம். மசித்து மிளகு, உப்பு சேர்த்தால் பல் இல்லாத முதியோரும் உண்பர். மலேசியா, சிங்கப்பூரில் இனிப்புப் பாகு ஊற்றி உண்கிறார்கள். இங்கு வெல்லப்பாகும் இஞ்சியும் பொருந்தும். வடிகட்டிய சக்கையை அடை மாவில் சேர்க்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பயிரிட விரும்புவோர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 போன்ற இரகங்கள் பற்றிக் காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். விதை நேர்த்தி மருந்து கலந்த விதையைச் சமைக்கக் கூடாது.