அரிய ஆங்கிலச் சொற்கள் மனத்தில் நிற்க

அகராதியை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, படிக்கும்போது எதிர்ப்படும் அரிய சொல்லை அதன் வாக்கியத்தோடு குறித்து வைப்பதே பலன் தரும். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அப்படிப் படிக்க ஆங்கில நூல்கள் ஏராளம். நாளுக்கு மூன்று சொற்கள் போதும், பேராசை கூடாது. வேர் தெரிந்தால் ஒரு சொற்குடும்பமே வசமாகும்: லத்தீன் 'பெனி' நன்மையைக் குறிக்கும், நல்லெண்ணம் கொண்டவரைச் சுட்டும் 'பெனவலன்ட்', கொடையாளரைச் சுட்டும் 'பெனிஃபாக்டர்' இரண்டும் அதில் கிளைத்தவை. கற்றது தொடக்கத்தில்தான் வேகமாக மறக்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் காட்டினார். எனவே மறுநாளும், வாரம் கழித்தும், மாதம் கழித்தும் பொருளை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது அவசியம். வைகை வெள்ளம், சித்திரைத் திருவிழா, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலைய நெரிசல் எனப் பழகியவற்றைப் பற்றி கற்ற சொல்லால் சொந்த வாக்கியம் எழுதினால் பிடிப்பு இன்னும் உறுதி.