வில்லின் எல்லைக்குள் மானை அழைப்பது எப்படி?

துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மான் நூற்றைம்பது கஜத்தில் நின்றாலே போதும். வில்லுக்கு அது இருபது, மிஞ்சிப்போனால் முப்பது கஜத்துக்குள் வர வேண்டும். வந்தாலும் விலாவைக் காட்டி நிற்க வேண்டும். நாணை இழுக்கும் கை அதன் கண்ணில் படக்கூடாது. குரல் கொடுத்து அழைக்கும் வித்தை உதவியாவதும் உபத்திரவமாவதும் இந்த இடத்தில்தான். குரல் கேட்டு வரும் மான், குரல் கொடுத்தது யார் என்று தேடிக்கொண்டே வருகிறது. அது தேடுவது உங்களைத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் வெள்ளைவால் மானைப் பற்றியது. அங்கே அரசே உரிமம் கொடுத்து, பருவம் வகுத்து வேட்டையை அனுமதிக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடினால் சிறைதான். ஊருக்கு வரும்போது மானை அழைக்கும் குழல்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விஸ்கான்சினிலோ மிச்சிகனிலோ டெக்சஸிலோ குடியேறி, அக்கம்பக்கத்தாரைப் பார்த்து வில்லைக் கையில் எடுத்திருக்கும் நம்மவர்களுக்காகத்தான் இது.

காகித வேலையை முதலில் முடியுங்கள். 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். டெக்சஸில் அந்தத் தேதி 1971 செப்டம்பர் 2. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பதிவுசெய்த மான் குரலை ஒலிபெருக்கியில் ஓடவிடும் மின்னணுக் கருவிகளுக்குப் பல மாநிலங்களில் தடை உண்டு. வாயால் ஊதுவதும் கையால் ஆட்டுவதும் பொதுவாகச் சிக்கல் தராது. உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள்

வில் பருவம் பல மாநிலங்களில் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பிக்கிறது. அப்போதே குழலை எடுத்து ஊதத் தொடங்குவது புதியவர்களின் வழக்கம். அந்த நாட்களில் கிடாக்கள் தீனியிலேயே கண்ணாக இருக்கும். சண்டைக்கும் அவசரமில்லை, பெட்டைகளும் பருவத்துக்கு வந்திருக்காது. எப்போதாவது ஒரு மெல்லிய உறுமல் போதும்.

வட மாநிலங்களில் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் பத்து நாட்கள் வரைதான் அழைப்புக்குப் பொற்காலம். கிடாக்களுக்கு வெறி ஏறியிருக்கும், ஆனால் பருவத்துக்கு வந்த பெட்டைகள் இன்னும் குறைவு. கிடைக்காததைத் தேடி அலையும் கிடாதான் குரலுக்கு வரும். நவம்பர் நடுவில் இணைசேர்தல் உச்சம் தொட்டதும் நிலைமை மாறுகிறது: பெரிய கிடா ஒரு பெட்டையோடு ஒட்டிக்கொண்டு ஓரிரு நாள் நகராது. கண்ணெதிரே பெட்டை இருக்கும்போது உங்கள் குழலை அது ஏன் கேட்கப்போகிறது? அந்த வாரத்தில் அடுத்த பெட்டையைத் தேடிக் கிளம்பும் கிடா எதிர்ப்பட்டால்தான் உண்டு. சினைப்படாத பெட்டைகள் ஏறக்குறைய 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வருவதால் டிசம்பரில் சின்னதாக இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். தெற்கு டெக்சஸில் கணக்கே வேறு. அங்கே உச்சம் டிசம்பரில்தான் வருகிறது.

இதையெல்லாம் தூண்டுவது பகற்பொழுது சுருங்குவது. அதனால் ஓரிடத்தில் ஆண்டுக்காண்டு தேதி பெரிதாக மாறுவதில்லை. பௌர்ணமிக் கணக்கு சொல்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நான் நாட்காட்டியின் பக்கம்.

நான்கு குரல் போதும்

வெள்ளைவால் மான் எழுப்பும் பன்னிரண்டு வகை ஒலிகளை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் வகைப்படுத்தினார்கள். கடைகளில் அதற்கு மேலும் விற்பார்கள். வேட்டைக்குத் தேவை நான்கு.

முதலாவது உறுமல். தொண்டைக்குள்ளிருந்து வரும் குட்டையான, தடித்த ஒலி. அரை நொடி, ஒரு நொடிக்கு மேல் போகாது. பெட்டையின் பின்னால் போகும் கிடா நடைக்கு ஒன்றாக இதையே அடுக்கடுக்காக எழுப்பும். 'கிரண்ட் கால்' என்று விற்கும் குழலுக்குள் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது. அதை ஊதக் கூடாது. கண்ணாடியில் ஆவி படிய மூச்சு விடுவோமே, அப்படி வயிற்றிலிருந்து 'ஹ்ர்ர்' என்று விட வேண்டும். கன்னத்தை உப்பி ஊதினால் வாத்து கத்துவதுபோல் வரும்.

இரண்டாவது பெட்டையின் கத்தல். நீண்டு, லேசாக நடுங்கும் ஒலி. இதற்குக் குழல் பழகத் தேவையில்லை. பிரைமோஸ் நிறுவனத்தின் 'தி கேன்' போன்ற சிறு டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினால் உள்ளிருக்கும் எடை இறங்கும்போது தானே குரல் எழும். மேலே உள்ள ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு கவிழ்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இதுவே பாதுகாப்பான கருவி.

மூன்றாவது கொம்பு மோதல். இரண்டு கிடாக்கள் முட்டிக்கொள்ளும் சத்தத்தை நிஜக் கொம்பாலோ, செயற்கைக் கொம்பாலோ, குச்சிகள் நிரப்பிய பையாலோ எழுப்பலாம். மரத்தின் மேல் இருப்பவருக்குப் பைதான் வசதி. கையசைவு குறைவு, கொம்பு நுனி விரலைப் பதம்பார்ப்பதும் இல்லை.

நான்காவது மூக்கால் விடும் சீறல். இரண்டு மூன்று குட்டையான வெடிப்பு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு: 'ஃபிட், ஃபிட், ஃபீஈஈ'. 'வா, பார்த்துவிடலாம்' என்று ஒரு கிடா மற்றதைக் கூப்பிடும் சவால். முதிர்ந்த முரட்டுக் கிடா மட்டுமே இதற்குத் திரும்பும்; இளசுகள் ஓடிவிடும். இதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள். அபாயம் கண்ட மான் விடும் ஒற்றைச் சீற்றம் வேறு. அதைக் கேட்டால் அன்றைய ஆட்டம் பெரும்பாலும் முடிந்தது.

வீட்டில் பழகும்போது கைப்பேசியில் பதிவுசெய்து, நிஜ மான் குரலோடு வைத்துக் கேளுங்கள். கடுங்குளிரில் மூச்சின் ஈரம் குழலின் நாக்கில் உறைந்து ஒலி அடைத்துக்கொள்ளும். குழல் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

உட்காரும் இடம்தான் பாதி வேலை

குரல் கேட்ட முதிர்ந்த கிடா நேராக வராது. வளைந்து சுற்றி, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக வந்து மோப்பம் பிடித்துவிட்டுத்தான் நெருங்கும். தெற்கு டெக்சஸில் மிக்கி ஹெலிக்சன் என்ற மானியல் ஆய்வாளர் 1990களில் 171 முறை கொம்பு மோதிப் பார்த்தார். 111 கிடாக்கள் வந்தன. பெரும்பாலானவை முதலில் கண்ணில் பட்டது காற்று போகும் பக்கத்தில்தான். உயரமான கோபுரத்திலிருந்து கவனித்தவருக்குத் தெரிந்த பல கிடாக்கள் தரையில் கொம்பு மோதியவரின் கண்ணிலேயே படவில்லை. 'ஒன்றுமே வரவில்லை' என்று இறங்கிப் போகும் பலர் இதை யோசிக்க வேண்டும். வந்திருக்கும்; வாசனை பிடித்துத் திரும்பியும் போயிருக்கும்.

ஆகவே பரண் கட்டும்போதே, காற்று போகும் பக்கத்தில் மான் சுற்றிவர முடியாதபடி ஒரு தடை இருக்கட்டும்: ஓடை, செங்குத்தான கரை, வெட்டவெளி வயல். அப்படி இடம் அமையாவிட்டால், மான் சுற்றிவரும் பாதையே உங்கள் அம்பு எட்டும் தூரத்தில், ஆனால் உங்கள் வாசனைக் கீற்றைத் தொடுவதற்கு முன்பே அமையுமாறு பாருங்கள். காற்றின் போக்கைப் பார்க்கச் சிறு பொடிக்குப்பி விற்கிறார்கள். முகத்துக்குப் போடும் பவுடரும் அதே வேலையைச் செய்யும், ஆனால் வாசனை இல்லாததாக இருக்கட்டும்.

அடுத்தது மறைவு. குரல் வந்த இடத்தை மான் ஆச்சரியமூட்டும் துல்லியத்தோடு கண்டுபிடிக்கும். திறந்த வெளியில் தனி மரத்தின் மேல் உட்கார்ந்து பெட்டைபோல் கத்தினால், எண்பது கஜத்திலேயே நின்று பார்த்து, அங்கே மானே இல்லை என்று முடிவுகட்டிவிடும். உங்களுக்குப் பின்னால் புதரோ மேட்டின் மறுசரிவோ இருந்தால், பார்ப்பதற்காகவே அது உள்ளே வந்தாக வேண்டும். குழலின் வாயைப் பின்பக்கமாகத் திருப்பி உறுமுவதும் இதற்காகத்தான். நண்பர் ஒருவர் துணைக்கு வந்தால் அவரை முப்பது நாற்பது கஜம் பின்னால் அமர்த்திக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். மானின் கவனம் அவர்மேல் இருக்கும், அம்பு உங்களிடம் இருக்கும்.

பரண் பதினைந்து, இருபது அடி உயரம். மரத்தில் கால் வைத்த நொடியிலிருந்து தரையில் இறங்கும்வரை உடல்முழுக்கப் பிணைக்கும் பாதுகாப்பு வார் கழலக் கூடாது. இந்த வேட்டையில் பரணிலிருந்து விழுவதே பெரிய ஆபத்து. வில்லைக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுங்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல், நீலம் பளிச். நீல ஜீன்ஸோடு ஏற வேண்டாம்.

எப்போது குரல், எப்போது மௌனம்

பரணில் ஏறியதும் ஊத வேண்டாம். காடு அடங்க இருபது நிமிடமாவது விடுங்கள். பிறகு, மான் கண்ணில் படாத நிலையில், இரண்டு மூன்று மெல்லிய உறுமல். கத்தல் டப்பா இருந்தால் அதையும் இரண்டு முறை கவிழ்க்கலாம். அரை மணி நேரம் சும்மா இருங்கள். சத்தத்தை மெதுவாகத் தொடங்குவது ஏனென்றால், நீங்கள் பார்க்காத மான் ஒன்று நாற்பது கஜத்தில் படுத்திருக்கலாம்.

மான் கண்ணில் பட்டுவிட்டால் கணக்கு வேறு. உங்களை நோக்கி வருகிறதா? வாயைத் திறக்காதீர்கள். இந்த ஒரு விதியை மீறியே பாதி வேட்டை கெடுகிறது. தானே வரும் மானுக்கு எதற்கு அழைப்பு? விலகிப் போகிறதா, எண்பது நூறு கஜத்தில் குறுக்கே நடக்கிறதா, அப்போது ஒரு உறுமல். அது நின்று தலையைத் திருப்பினால் கேட்டுவிட்டது, நிறுத்துங்கள். காதைக்கூட அசைக்காவிட்டால் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க இன்னொன்று. உங்கள் பக்கம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் குரல் கொடுக்கவே கூடாது. தலையைத் திருப்பி நடக்கத் தொடங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்டும் வாலை இடுக்கிக்கொண்டு விலகினால் அது ஏற்கெனவே அடி வாங்கிய சின்னக் கிடா, விட்டுவிடுங்கள். காது மடங்கி, முதுகு மயிர் சிலிர்த்து நின்றால் அது சண்டைக்காரன். சீறலைப் பயன்படுத்தும் நேரம் இதுதான்.

கொம்பு மோதலில் ஹெலிக்சனின் பாடம் தெளிவானது: உரத்த மோதல் மெல்லிய மோதலைவிட அதிகப் பலன் தந்தது, காலை நேரம் மற்ற நேரங்களைவிட மேல், காற்று பலமாக வீசினால் பலன் குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மோதி, பிறகு குறைந்தது பத்து நிமிடம் வில்லைக் கையில் வைத்துக் காத்திருங்கள். முதிர்ந்த கிடாக்கள் அதிகமுள்ள இடங்களில் இது அற்புதமாக வேலை செய்யும். பெட்டைகளே நிறைந்து, கிடாக்கள் இளசாகவே சுடப்பட்டுவிடும் பகுதிகளில் சண்டைக்குக் காரணமே இல்லை. அங்கே பையை வீட்டில் வைத்துவிட்டு உறுமலோடு நில்லுங்கள். பொது நிலத்தில், துப்பாக்கிப் பருவம் நடக்கும்போது கொம்பு மோதவே வேண்டாம். சத்தத்தை நம்பி வருவது மானாக மட்டும் இருக்காது. அந்த நாட்களில் வில் வேட்டைக்காரரும் ஒளிரும் ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டம்.

கடைசி இருபது கஜம்

அதன் தலை ஒரு மரத்துக்குப் பின் மறையும் நொடியில் நாணை இழுங்கள். நடந்துகொண்டே இருந்தால் வாயாலேயே 'மஹ்' என்று மெல்ல ஒலி எழுப்பினால் நிற்கும். ஆனால் எங்கே நிற்கும் என்பதை நீங்கள் முன்பே குறித்திருக்க வேண்டும். கிளைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் தவிக்கக் கூடாது.

அழைப்புக்கு வந்த மான் விழிப்போடு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். காம்பவுண்ட் வில்லின் அம்பு ஏறக்குறைய 280 அடி. நாற்பது கஜத்தில் நாணின் சத்தம் மானை எட்டிய பிறகு அம்பு சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் அது பாய்வதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது மோசமான இடத்தில் காயப்படுத்தும். இருபது கஜத்தில் அந்த இடைவெளி அதில் பாதிதான். அழைத்த மானுக்கு இருபத்தைந்து கஜத்துக்கு மேல் அம்பு விடாதீர்கள் என்பேன். குரலைத் தேடி நேருக்கு நேர் வந்து நெஞ்சைக் காட்டி நிற்கும் மானுக்கும் விடக் கூடாது. விலா தெரியட்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்கட்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரல் இருக்கும் இடம் மட்டுமே குறி.

அம்பு பட்டதும் இறங்கி ஓடாதீர்கள். நுரையீரலில் பட்டிருந்தால் அரை மணி நேரம் பொறுத்து இரத்தத் தடத்தைப் பின்தொடரலாம். வயிற்றில் பட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முன்னதாகப் போனால் படுத்த மான் எழுந்து கைவிட்டுப் போகும், வலியோடு எங்கோ சாகும்.

மான் கிடைத்த பின் ஒரு வேலை இருக்கிறது: நோய்ப் பரிசோதனை. 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான் மெலிவு நோய் இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. நோயுள்ள பகுதிகளில் மாநில வனவிலங்குத் துறையே மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறது. பரவலைத் தடுக்க, மானைக் கவரப் புட்டியில் விற்கும் மான் மூத்திரத்தைச் சில மாநிலங்கள் தடைசெய்துள்ளன. குழலோடு சேர்த்து அதையும் வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே பெயர் எழுதி உறையவையுங்கள். நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.