உரிமங்கள் ஒத்துப்போவது எப்படி: இளம் நிரலாளருக்கு ஒரு கடிதம்



நிரல் எழுதப்பட்ட கணத்திலேயே அதன்மீது பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்பதை அமெரிக்கா 1980-இல் சட்டத்தைத் திருத்தி உறுதிசெய்தது. இந்தியாவில் 1984-இல் வந்த திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வகையில் சேர்த்தது. ஆகவே, உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இணையத்தில் வைத்த நிரலைப் பிறர் தம் மென்பொருளில் சேர்க்கவோ, மாற்றி வெளியிடவோ சட்டம் இடம் தருவதில்லை. அந்த அனுமதியை எழுத்தில் தருவதுதான் உரிமம். பகிர வேண்டும் என்ற நல்லெண்ணம் உரிமத்துக்கு ஈடாகாது.

திறமூல உரிமங்கள் இரண்டு மரபுகளில் வளர்ந்தன. ஒன்று பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. பெர்க்லியின் பிஎஸ்டி உரிமமும் எம்ஐடி உரிமமும் மிகக் குறைவாகவே கேட்கின்றன: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால், நிரலை மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். மற்றொன்று, கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கியது. 1989-இல் வெளியான ஜிபிஎல் உரிமத்தின்படி, நிரலை மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் தர வேண்டும். பெறுபவர்மீது கூடுதல் கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது. பெற்ற சுதந்திரம் அடுத்தவருக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதே இந்தக் காப்பிலெஃப்ட் ஏற்பாட்டின் நோக்கம். 1991-இல் ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பு வந்தது. 1992-இல் லினக்ஸ் அந்த உரிமத்துக்கு மாறியது.

இரு வேறு உரிமங்களில் உள்ள நிரல்களை ஒரே மென்பொருளாக இணைத்து விநியோகிக்கும்போது, இரண்டின் நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமானால் அவை ஒத்துப்போகின்றன என்பது பொருள். பழைய பிஎஸ்டி உரிமத்தில், மென்பொருளைக் குறிப்பிடும் விளம்பரங்களில் பெர்க்லியின் பெயரையும் சொல்ல வேண்டும் என்ற விதி இருந்தது. ஜிபிஎல்லைப் பொறுத்தவரை அது கூடுதல் கட்டுப்பாடு. எனவே இரண்டும் சேரவில்லை. பிறரும் அந்த விதியில் தம் பெயரைப் போட்டுக்கொண்டதால், 1997-இல் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஒரு பதிப்பில் அத்தகைய 75 வாசகங்கள் இருந்ததாக ஸ்டால்மன் கணக்கிட்டார். பெர்க்லி வளாகத்தை நடத்தும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1999-இல் அந்த விதியைக் கைவிட்டது. ஆனால் அதேபோன்ற விதியைக் கொண்டிருந்த மறையாக்க நிரலகமான ஓபன்எஸ்எஸ்எல் 2021-இல் தான் அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியானது. அதுவரை அதனுடன் இணைய விரும்பிய ஜிபிஎல் மென்பொருள்கள் பல, தம் உரிமத்தில் தனி விலக்கு ஒன்றை எழுதிச் சேர்க்க நேர்ந்தது.

ஒத்துப்போதல் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. எம்ஐடி நிரலை ஜிபிஎல் மென்பொருளில் சேர்க்கலாம். முழு மென்பொருளும் ஜிபிஎல் விதிகளின்படி வெளிவரும். ஜிபிஎல் நிரலைச் சேர்த்துவிட்டு, முழுவதையும் எம்ஐடி விதிகளின் கீழ் மட்டும் தர முடியாது. 2004-இல் வந்த அப்பாச்சி 2.0, காப்புரிமை வழக்குத் தொடுப்பவரின் காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்கிறது. இது ஜிபிஎல் இரண்டாம் பதிப்புடன் முரண்படுவதாக, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கருதுகிறது. 2007-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த முரண்பாட்டைக் களைந்தது. அப்பாச்சி நிரல் ஜிபிஎல் மூன்றுக்குள் செல்லலாம், எதிர்த்திசையில் செல்லாது.

ஜிபிஎல்லின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளே தமக்குள் ஒத்துப்போவதில்லை. ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது’ என்று எழுதப்பட்ட நிரலுக்குச் சிக்கல் இல்லை. ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்றால் கதவு அடைபடுகிறது. வரைபட மென்பொருளான லிப்ரேகேட் அப்படிப்பட்டது. டிடபிள்யூஜி கோப்புகளைப் படிக்கும் லிப்ரேடிடபிள்யூஜி நிரலகமோ ஜிபிஎல் மூன்றில் உள்ளது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்களே. ஆனாலும் இணைக்க முடியாததால், லிப்ரேகேட் குழு அதே வேலைக்குத் தனி நிரலகம் ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று.

நெட்ஸ்கேப் 1998-இல் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்தபோது மொசில்லா உரிமம் பிறந்தது. மாற்றிய கோப்புகளை மட்டும் திறந்து வைத்தால் போதும் என்பது அதன் நடுவழி. அதுவும் ஜிபிஎல்லுடன் சேராததால், மொசில்லா திட்டம் தன் நிரலை மூன்று உரிமங்களின் கீழ் வெளியிட முடிவுசெய்தது. பங்களிப்பாளர்களைத் தேடி ஒப்புதல் வாங்கும் பணி 2006 வரை நீண்டது. 2012-இல் வந்த மொசில்லா 2.0 ஜிபிஎல்லுடன் ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டது. பழைய மொசில்லா உரிமத்திலிருந்து சன் நிறுவனம் உருவாக்கிய சிடிடிஎல்லில் அந்தத் திருத்தம் இல்லை. அந்த உரிமத்தில் உள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை 2016-இல் உபுண்டு இயங்குதளம் லினக்ஸ் கருவுடன் சேர்த்து வழங்கியது. அது ஜிபிஎல்லை மீறுவதாக மென்பொருள் சுதந்திரக் காப்பகம் என்ற அமைப்பு கூறியது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் அதை ஏற்கவில்லை.

இந்த நிபந்தனைகள் எப்போது செயல்படத் தொடங்குகின்றன என்பதையும் அறிய வேண்டும். ஜிபிஎல்லின் கடமைகள் விநியோகத்தோடு தொடங்குகின்றன. நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் எழுவதில்லை. ஜிபிஎல்லின் கிளை உரிமமான ஏஜிபிஎல்லில், மாற்றிய நிரலை வலைச் சேவையாக இயக்கினாலும் பயனருக்கு மூலநிரல் தர வேண்டும். மற்றொரு கிளையான எல்ஜிபிஎல்லின் கீழ் உள்ள நிரலகத்தை மூடிய மென்பொருளும் சில நிபந்தனைகளோடு இணைத்துக்கொள்ளலாம். தனித்தனி மென்பொருள்களை ஒரே வட்டில் வைப்பது மட்டும் அவற்றை ஒன்றாக்காது.

உரிமம் வெறும் வேண்டுகோள் அல்ல. 2004-இல் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல்லை நிலைநாட்டியது. 2008-இல், மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் தொடர்பான ஜேக்கப்சன்–கேட்சர் வழக்கில், திறமூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இளம் நிரலாளர் கைக்கொள்ள வேண்டியவை இவை. புதிய உரிமம் எழுதாமல், பலரும் அறிந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜிபிஎல் எனில் ‘மட்டும்’ அல்லது ‘பிந்தையது’ என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். உரிமத்தின் முழு வாசகத்தையும் மூலநிரலோடு வைத்து, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளத்தை எழுத வேண்டும். பிறர் நிரலகத்தைச் சேர்க்குமுன் அதன் உரிமத்தையும், அது சார்ந்திருக்கும் நிரலகங்களின் உரிமங்களையும் படிக்க வேண்டும். பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், இந்தியச் சட்டப்படி முதல் உரிமையாளர் வேலை தருபவரே. அதை வெளியிட அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். முதல் பங்களிப்பாளர் வந்து சேருமுன் உரிமத்தை முடிவுசெய்துவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வரியும் அதை எழுதியவருக்கே உரியது. உரிமத்தை மாற்ற வேண்டுமானால் அவர்கள் அனைவரின் ஒப்புதலும் தேவைப்படும்.