சாண எரிவாயு

சாணத்தை வறட்டியாக எரித்தால் அதன் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. எருக்குழியில் இட்டாலோ அடுப்புக்கு விறகு தேட வேண்டும். எரிபொருள், எரு இரண்டையும் ஒருசேரத் தருவது சாண எரிவாயுக் கலன். 1981-82இல் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கியபின் இது பல கிராமங்களில் பரவியது.

சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விடுகிறோம். அங்கே சில நுண்ணுயிர்கள் அதை அமிலங்களாகச் சிதைக்கின்றன. வேறு சில அவ்வமிலங்களை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. நான்கைந்து மாடுகள் தரும் 50 கிலோ சாணத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு அது போதும். அம்மாவின் கண்ணில் புகையும் இராது. எஞ்சும் சாணக்கரைசல் வயலுக்கு நல்ல உரம்.

தோல் பதனிடும் நம் பகுதியில், தோலின் உட்புறம் சீவி எடுக்கும் சதைக் கழிவிலிருந்தும் இவ்வாறு வாயு பெறலாம். மேல்விஷாரத்தில் அதைச் செய்து காட்டியுள்ளனர். அக்கழிவில் சுண்ணாம்பு ஏறியிருப்பதால் முதலில் காரத்தன்மையைக் குறைக்க வேண்டும். குரோமியம் சேர்ந்த கழிவு கலந்துவிட்டால் நுண்ணுயிர்களின் வேலை கெடும். எஞ்சும் சேறும் உரத்துக்கு ஆகாது.

ஆகவே தோழியரே, கழிவு அடுப்பெரிப்பதும் ஆற்றைக் கெடுப்பதும் நாம் அதைப் பிரித்து வைப்பதைப் பொறுத்ததே.