சாவி சரிதான், கதவு ஏன் திறக்கவில்லை?

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளியின் ரோபோட்டிக் கழகம், பினாங்கு ஆற்றின் நீர்மட்டத்தை அளக்க ஒரு ராஸ்பெரி பை கணினியைத் தயார் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணரியை இயக்கும் நிரல் ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது. அளவைக் காட்டும் இணையப்பக்கத்தின் நிரல் இன்னொரு களஞ்சியத்தில் இருக்கிறது. இரண்டும் கிட்ஹப் தளத்தில், வெளியார் பார்க்க முடியாதபடி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி உண்டு. முதல் களஞ்சியம் ஒழுங்காக ஒத்திசைகிறது. இரண்டாவதற்கு வரும்போது, 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்', அதாவது 'அப்படியொரு களஞ்சியமே இல்லை' என்கிறது கணினி. ஆனால் உலாவியில் அது கண்ணெதிரே இருக்கிறது! என்ன நடந்தது?

எஸ்எஸ்எச் என்பது என்ன?

முன்பு டெல்நெட் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்தால், கடவுச்சொல் மறைக்கப்படாமலே வலையில் பயணிக்கும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன் பிறகு, அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார்.

இதில் சாவிகள் இணையாகப் பிறக்கின்றன. பொதுச்சாவி பூட்டு போன்றது. அதைச் சேவையகத்திடம் கொடுக்கலாம். தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. உங்கள் கணினி தனிச்சாவியால் ஒரு மின்கையொப்பம் இடும். சேவையகம் பொதுச்சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். 2021 ஆகஸ்ட் 13 முதல், நிரல்களை ஒத்திசைக்கக் கணக்கின் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. ஆகவே பலர் சாவி முறைக்கு வந்துவிட்டார்கள்.

காவலாளி செய்த குழப்பம்

லிட்டில் இந்தியாவில் ஒரே வாசல் கொண்ட ஒரு கடைவரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு காவலாளி. உங்களிடம் இரண்டு கடைகளின் சாவிகள் உள்ளன. முதலில் கையில் வந்த சாவியை நீட்டுகிறீர்கள். 'ஓ, முதல் கடைக்காரரா? உள்ளே போங்கள்' என்கிறார் அவர். அதன் பிறகு நீங்கள் முதல் கடைக்காரர்தான். இரண்டாவது கடைக்குப் போனால் அனுமதி இல்லை. சரியான சாவி பையிலேயே கிடக்கிறது.

கிட்ஹப் செய்வதும் இதுதான். தனக்குத் தெரிந்த முதல் சாவியை ஏற்றுக்கொள்கிறது. அதன் பின்னரே, அந்தச் சாவிக்கு எந்தக் களஞ்சியத்தில் உரிமை உண்டு என்று பார்க்கிறது. உரிமை இல்லாதவரிடம் 'அது இருக்கிறது' என்று சொல்வதே ரகசியத்தைக் கசியவிடுவதாகும். அதனால்தான் 'இல்லை' என்கிறது.

மூன்று செய்திகள், மூன்று நோய்கள்

1. 'பெர்மிஷன் டினைட்': நீட்டிய எந்தச் சாவியும் ஏற்கப்படவில்லை. பொதுச்சாவியைத் தளத்தில் சேர்த்தீர்களா? தனிச்சாவிக் கோப்பை மற்றவர்களும் படிக்க முடிகிறதா? முடிந்தால் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுக்கும். ஒத்திசைவு வேறொரு பயனர் பெயரில் ஓடினால், அது அந்தப் பயனரின் சாவிகளைத்தான் தேடும்.

2. 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்': முகவரியில் எழுத்துப்பிழை இல்லையென்றால், வேறு சாவி முந்திக்கொண்டிருக்கலாம்.

3. 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்': இங்கே சந்தேகம் உங்கள் மீதல்ல, சேவையகத்தின் மீது. அதன் அடையாளம் உங்கள் கணினிக்குத் தெரிந்த அடையாளத்தோடு பொருந்தவில்லை.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் கண்டுபிடியுங்கள். எஸ்எஸ்எச் கட்டளையோடு, முன்னால் சிறு கோடு இட்ட 'வி' எழுத்தைச் சேர்த்து இயக்கினால், எந்தச் சாவி நீட்டப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்று வரிவரியாகத் தெரியும். இணைப்பை மட்டும் சோதித்தால், கிட்ஹப் பெயர் சொல்லி வணக்கம் கூறும். அது யாருடைய பெயர் என்று பாருங்கள்.

பிறகு எஸ்எஸ்எச் கோப்புறையிலுள்ள 'கான்ஃபிக்' கோப்பில், ஒரே கிட்ஹப் சேவையகத்துக்கு இரண்டு புனைபெயர்கள் கொடுங்கள்: 'உணரி', 'தளம்'. ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சாவியின் பெயரை எழுதி, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்ற விதியை 'எஸ்' என்று வையுங்கள். இந்த விதி இல்லாவிட்டால், கணினி தன் நினைவிலுள்ள மற்றச் சாவிகளையும் நீட்டக்கூடும். கடைசியாக, ஒவ்வொரு களஞ்சியத்தின் முகவரியிலும் கிட்ஹப் பெயர் இருந்த இடத்தில் புனைபெயரை இடுங்கள். பலர் மறப்பது இந்தப் படியைத்தான்.

குறுக்குவழி வேண்டாம்

அவசரத்தில் நண்பரின் தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் வாங்குவதும், அடையாளச் சோதனையையே நிறுத்திவிடுவதும் சிலரின் பழக்கம். 2023 மார்ச் 24 அன்று, கிட்ஹப் தன் சேவையகத்தின் ஆர்எஸ்ஏ சாவியையே மாற்ற வேண்டியிருந்தது. அதன் தனிச்சாவி, யாரும் பார்க்கக்கூடிய ஒரு களஞ்சியத்தில் சிறிது நேரம் தவறுதலாக வெளியாகிவிட்டது. அன்று பலருடைய கணினிகளில் மூன்றாவது செய்தி வந்தது. கிட்ஹப் வெளியிட்ட புதிய கைரேகைக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழையதை நீக்கியவர்களே சரியாக நடந்துகொண்டார்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் கணினியில் எத்தனைச் சாவிகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்தக் கதவுக்கு உரியது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எதற்கென்று தெரியாத சாவி இருந்தால், அதன் பொதுச்சாவி எங்கே பதிவாகியுள்ளது என்று ஆசிரியரின் துணையோடு தேடிப் பாருங்கள்.